காயலாங்கடை கட்டை, காசிமேட்டு வலை, பழைய பாட்டில்: வீட்டுக்கு மூணு ரஸ்டிக் ஐட்டம்

கடையில ரஸ்டிக் டெக்கர்னு விக்கற பலகைங்கள கிட்ட போய் பாருங்க, நிறைய பலகை புது மரம்தான், அதை வேணும்னே நசுக்கி பெயிண்ட சொரண்டி பழசு ஆக்கி வச்சிருப்பாங்க, அந்தக் கூலிக்கும் சேத்துதான் அவ்ளோ விலை. நம்ம வடசென்னைல அந்த வேலையே தேவையில்ல. ஒரு பக்கம் ஹார்பர், ஒரு பக்கம் காசிமேடு, நடுவுல ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டைன்னு பழங்காலத்து வீடுங்க, அத இடிக்கறப்போ கதவு ஜன்னல் எல்லாம் லாரில ஏறிப் போறத பாத்துனுதான் இருக்கோம். வெயில்லயும் உப்புக் காத்துலயும் நிஜமாவே பழசான பொருள் தெருவுல கெடக்கும்போது போலிய ஏன் வாங்கணும்.

இந்த வேலைக்கு நான் வச்சிருக்கற ரூல் ஒண்ணுதான். அழுக்க முழுசா எடுங்க, தழும்ப தொடாதீங்க. ஆணி ஓட்டை, ரம்பம் போன கோடு, துருக்கறை, எவரோ மார்க்கர்ல எழுதின நம்பர் இதெல்லாம் இருக்கட்டும், அதுதான் அழகே. எண்ணெய், பூஞ்சை, மீன் வாடை, பொடியா கொட்டற பெயிண்ட், இதெல்லாம் போயே ஆகணும். நெறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, கழுவாம மேல பளபளன்னு ஒரு கோட் அடிச்சுட்டு முடிஞ்சுதுன்றாங்க, ஒரு மழைக்காலம் வந்தா உள்ள இருக்கறது எல்லாம் வெளிய வந்துடும்.

பொருள் எங்க எடுக்கறது

உங்க தெரு காயலாங்கடையில இருந்தே ஆரம்பிங்க. "அண்ணா, பேக்கிங் கட்டை எதனா இருக்கா?"ன்னு கேட்டா போதும், மெஷின் வந்த பெட்டி, சரக்கு ஏத்தற பேலட் எல்லாம் உடைஞ்சு கெடக்கும். மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போனாலும் அந்தப் பேர்ல இருக்கற காம்ப்ளெக்ஸ் சென்ட்ரல் பக்கத்துலயே இருக்கு, பழைய பொருள் பாக்க அங்க ஒரு ரவுண்டு போகலாம். சணல் கயிறு, கொக்கி, ஸ்க்ரூக்கு பாரிஸ் கார்னர் போனா ஒரே நடையில முடிஞ்சிடும். போகிக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க தெருவுலயே சொல்லி வச்சிடுங்க, பழைய ஃபோட்டோ ஃப்ரேம், உடைஞ்ச ஸ்டூல், மரப்பெட்டி எல்லாம் நெருப்புக்குப் போறதுக்குள்ள உங்க கைக்கு வந்துடும்.

ஒண்ணு மட்டும் வேணாம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி ட்ராக் ஓரத்துல பெரிய பெரிய இரும்பு ஆணி, கிளிப் கெடக்கும், பாக்க சூப்பரா இருக்கும், எடுக்காதீங்க. அது ரயில்வே சொத்து, அத வச்சிருந்தாலே கேஸ் போட 1966லயே தனிச் சட்டம் வந்தாச்சு. ட்ராக்ல எறங்கறதும் ஆபத்து.

முதல் ஐட்டம்: சாவி மாட்டற பலகை

மூணுல இதுக்குதான் வேலை ஜாஸ்தி, ஆனா இத கத்துக்கிட்டா ஷெல்ஃப், ஃப்ரேம், ட்ரே எல்லாம் தானா வந்துடும், அதனால கொஞ்சம் விலாவரியாவே சொல்றேன்.

முதல்ல பேலட்ட செலக்ட் பண்றது. வெளிநாட்டுக்குப் போய் வர்ற பேலட்ல எல்லாம் சூடு போட்டு ஒரு முத்திரை குத்தியிருப்பாங்க, கோதுமைக் கதிர் படம் ஒண்ணு, பக்கத்துல நாட்டோட ரெண்டு எழுத்து, ஒரு நம்பர், கடைசில எச்டி (HT) இல்லன்னா எம்பின்னு (MB) இங்கிலீஷ் எழுத்து. மரத்துல இருக்கற பூச்சி ஒரு நாட்டுலேருந்து இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாதுன்னு 2002ல கொண்டுவந்த சர்வதேச விதி அது. எச்டின்னா சூடு பண்ணிப் பூச்சியக் கொன்னது, தாராளமா எடுக்கலாம். எம்பின்னா மெத்தில் புரோமைடுன்ற விஷ வாயு அடிச்சது, அத வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. முத்திரையே இல்லாத உள்ளூர் பேலட்டும் நெறைய இருக்கும், அதுல கறையும் வாடையும் பாத்து முடிவு பண்ணுங்க. கெமிக்கல் ட்ரம் தூக்கின பேலட்ல எண்ணெய்க் கறையோ மூக்குல ஏறற வாடையோ இருக்கும், எவ்ளோ அழகா இருந்தாலும் விட்டுடுங்க. அப்புறம் பலகைய தரையில ஒரு தட்டு தட்டுங்க, சின்ன ஓட்டைலேருந்து மாவு மாதிரி கொட்டுச்சுன்னா உளு இருக்குன்னு அர்த்தம், அதுவும் வேணாம்.

பலகைய கழட்டறப்போ ஆணிய நெம்பி எடுக்கலாம்னு தோணும், பேலட் ஆணி சீக்கிரம் வராது, பலகைதான் பொளந்துக்கும். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவுல ஆக்ஸா பிளேட விட்டு ஆணிய அறுத்துடுங்க. ஆணித்தலை பலகையிலயே நிக்கும், சுத்தி கருப்பா ஒரு கறை இருக்கும், அது அப்படியே இருக்கட்டும். கைக்கு க்ளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி கண்டிப்பா போடுங்க. 18 இஞ்சு நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கங்க.

இப்போ கழுவற வேலை. சோப்புத் தண்ணி, துணி தொவைக்கற பிரஷ், நார் போற திசையிலயே தேய்ங்க. கழுவிட்டு மொட்டை மாடில ரெண்டு மூணு நாள் நிழலும் வெயிலுமா இருக்கற எடத்துல ரெண்டு செங்கல் மேல வச்சுக் காய விடுங்க, கொதிக்கற வெயில்ல நேரா போட்டா வளைஞ்சுக்கும். கரையான் பயம் இருக்கற வீடுன்னா ஒரு லிட்டர் சுடு தண்ணில 50 கிராம் போரிக் பவுடர் கரைச்சு எல்லாப் பக்கமும் பிரஷ்ல அடிச்சுக் காய வைங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம பாத்துக்கங்க.

காஞ்சதும் எமரி பேப்பர். 80 நம்பர்ல ஆரம்பிச்சு 120ல முடிச்சா போதும். சிலாம்பு கையில குத்தக் கூடாது, அதான் கணக்கு, வழவழன்னு ஆக்கணும்னு இல்ல. இங்க ஒரு முக்கியமான விஷயம், நீங்க எடுத்தது பேலட் இல்லாம பழைய ஜன்னல் கட்டையோ படகுப் பலகையோ, மேல பழைய பெயிண்ட் இருந்துச்சுன்னா காஞ்ச எமரி போடவே போடாதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க சான்ஸ் ஜாஸ்தி, நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்ற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அந்தப் பொடி குழந்தைங்க மூளைய பாதிக்கும். மாஸ்க் போட்டுட்டு, தண்ணில நனைக்கற எமரிய வச்சு, ஈரத்தோடவே உதிர்றத மட்டும் எடுத்து, துடைச்ச துணிய கவர்ல கட்டிப் போட்டுடுங்க. குழந்தை இருக்கற வீட்ல அந்த மாதிரி கட்டையே வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்தது கலர், எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். பேலட் மரம் பெரும்பாலும் பைன், வெட்டின எடம் வெள்ளையா புதுசா தெரியும். அத பழைய சாம்பல் கலருக்குக் கொண்டு வர பெயிண்டே வேணாம், துருப்பிடிச்ச ஆணியும் டீத்தூளும் போதும். ஒரு கண்ணாடி பாட்டில்ல ஒரு கை துரு ஆணியப் போட்டு முழுகற அளவுக்கு வெள்ளை வினிகர் ஊத்தி மூணு நாலு நாள் விட்டுடுங்க. மூடிய இறுக்கி மூடாதீங்க, உள்ள வாயு உண்டாகும், பாட்டில் வெடிச்சிடும், அடுப்புப் பக்கமும் வைக்காதீங்க. அப்புறம் துணியில வடிகட்டிக்கங்க. பலகையில போடற அன்னிக்கு ரெண்டு டம்ளர் தண்ணில நாலஞ்சு ஸ்பூன் டீத்தூள் போட்டு பாதியா சுண்டற வரைக்கும் கொதிக்க வச்சு ஆற வைங்க. மொதல்ல டீ டிகாஷன பலகையில அடிச்சு நல்லா காய விடுங்க, அது மேல இந்த வினிகர அடிங்க. டீயில இருக்கற டானினும் வினிகர்ல கரைஞ்ச இரும்பும் சேந்து கருக்கும், கொஞ்ச நேரத்துலயே கண்ணு முன்னாடி மரம் சாம்பலாகி கருப்பாகறது தெரியும். பைன்ல டானின் கம்மி, அதனாலதான் டீ. மரத்துக்கு மரம் கலர் மாறும், அதனால பலகையோட பின்பக்கம் ஒரு ஓரத்துல போட்டுப் பாத்துட்டு முன்பக்கம் வாங்க. ரொம்ப கருப்பாயிடுச்சேன்னு பயப்படாதீங்க, காஞ்சப்புறம் ஈரத்துணில துடைச்சு 220 எமரில மேலாக்க ஒரு இழு இழுத்தா மேடு எல்லாம் வெளுத்து பள்ளம் எல்லாம் கருப்பா நிக்கும், அந்த எஃபெக்ட்டுக்குத்தான் இவ்ளோ பாடும்.

மேல மேட் வார்னிஷ் ரெண்டு கோட். பின்பக்கத்தையும் விடாதீங்க, அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் சுவர் ஈரம் பின்னாடிலேருந்துதான் ஏறும். வார்னிஷுக்கு பதிலா லின்சீட் ஆயில் போடறவங்க, தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, அந்த எண்ணெய் காயறப்போ சூடாகி தானாவே தீப்பிடிக்கும். துணிய தண்ணில நனைச்சு இல்லன்னா விரிச்சுக் காயப் போட்டு அப்புறம்தான் குப்பைக்குப் போகணும்.

கொக்கிக்கு பழைய பித்தளை குழாய்த் திருகு, தாழ்ப்பாள், வளைச்ச கரண்டி எது வேணா வைக்கலாம். 18 இஞ்சு பலகைக்கு நாலு கொக்கி, ரெண்டு ஓரத்துலயும் ரெண்டேகால் இஞ்சு விட்டுட்டு நடுவுல நாலரை இஞ்சு இடைவெளின்னா சரியா வரும். ஸ்க்ரூவ விட சின்ன ஓட்டை மொதல்ல போட்டுக்கங்க, நேரா முறுக்கினா மரம் பொளக்கும். ஸ்க்ரூ எஸ்எஸ்ல, அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குங்க, கடலுக்கு இவ்ளோ கிட்ட சாதா ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடிச்சு சுவர்ல கோடா எறங்கும். பழைய வீட்டு சுண்ணாம்புச் சுவர்ல வெறும் ஆணி நிக்காது, ட்ரில் போட்டு பிளாஸ்டிக் ப்ளக் வச்சுத்தான் மாட்டணும். ஆணியே அடிக்கக் கூடாதுன்னு சொல்ற ஹவுஸ் ஓனர் வீட்ல இருக்கீங்களா, பலகைய ஷூ ராக் மேல சாச்சு வைங்க, அதுவும் நல்லாதான் இருக்கும்.

ரெண்டாவது: வலையில ஃபோட்டோ தொங்க விடறது

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும்ல, அப்போ காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், வலை பின்னினு, பலகை மாத்தினு, பெயிண்ட் அடிச்சினு இருப்பாங்க. கிழிஞ்ச வலை, அறுந்த கயிறு, உடைஞ்ச மிதவை கெடைக்கறதுக்கு அதான் சரியான டைம். கெடக்குதேன்னு நீங்களா எடுக்காதீங்க, நமக்குக் கிழிசலா தெரியறது அவங்களுக்கு நாளைக்கு ஒட்டுப்போடற வலை. "அண்ணா, ஒதவாத வலை இருந்தா ஒரு ஆள் ஒசரத்துக்குக் குடுப்பீங்களா?"ன்னு கேளுங்க, காசு குடுத்தே வாங்குங்க. கடல்ல விட்ட பழைய வலைல ஆமைங்க சிக்கிச் சாகுது, ஒரு துண்டு வீட்டுச் சுவருக்கு வந்தாலும் எனக்கு சந்தோஷம்.

வந்ததும் மொதல் வேலை, வலையோட கீழ் ஓரத்துல ஈயக்குண்டு கோத்திருக்கும், அத எல்லாம் அறுத்து எடுத்துட்டு கைய கழுவுங்க. பக்கெட்ல வெறும் தண்ணில ஒரு ராத்திரி ஊற வச்சு உப்ப எடுங்க, அடுத்த நாள் சோப்புப் பவுடர், அதுக்கப்புறம் அரை பக்கெட் தண்ணில ஒரு டம்ளர் வினிகர். வாடை போற வரைக்கும் திரும்பவும் பண்ணணும், இதுல சோம்பேறித்தனம் பட்டீங்கன்னா ஹால் முழுக்க மீன் மார்க்கெட்தான். நிழல்ல காயப் போடுங்க, நைலான் வெயில்ல சீக்கிரம் வீணாகும்.

கடற்கரையில ஒதுங்கின கட்டையோ பழைய மண்வெட்டிக் காம்போ ஒண்ண எடுத்து, வலையோட மேல் ஓரத்த அதுல சணல்ல சுத்திக் கட்டுங்க, இழுத்துக் கட்டாம நடுவுல தொய்வா விடுங்க. ரெண்டு மூணு மிதவைய ஒரே பக்கமா சேத்துக் கட்டுனாதான் எடுப்பா இருக்கும், சரிசமமா தொங்க விட்டா கல்யாண மண்டப டெக்கரேஷன் ஆயிடும். மரக் கிளிப் போட்டு ஃபோட்டோவ மாட்டிடுங்க. கருப்பு வெள்ளை ஃபோட்டோ இருந்தா ஒரிஜினல மாட்டாம பிரிண்ட் எடுத்து மாட்டுங்க.

மூணாவது: சணல் பாட்டில்

சின்னப் பசங்களையும் சேத்துக்கலாம், அரை மணி நேர வேலை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எதுனாலும் சரி. சுடு தண்ணில ஊற வச்சு லேபிள எடுங்க, மிச்சம் ஒட்டற பசைய தேங்காயெண்ணெய் தடவி பத்து நிமிஷம் விட்டுத் தேய்ச்சு சோப்புப் போட்டுக் கழுவிடுங்க, எண்ணெய் இருந்தா ஃபெவிகால் ஒட்டாது. அடியில இருந்து ரெண்டு இஞ்சுக்கு ஃபெவிகால் தடவறது, சணல நெருக்கமா சுத்தறது, அடுத்த ரெண்டு இஞ்சு. முழுசா சுத்தாதீங்க, பாதி கண்ணாடி தெரியட்டும். ஆரம்பமும் முடிவும் பின்பக்கமே வர்ற மாதிரி பாத்துக்கங்க.

உள்ள காஞ்ச புல்லோ, வேப்பங்குச்சியோ, பேட்டரில எரியற சீரியல் லைட்டோ போடலாம். மெழுகுவத்தி மட்டும் வேணாம், வெளிய சுத்தியிருக்கறது சணல், சட்டுனு பத்திக்கும்.