எந்தப் ‘பின்’ என்று தெரியும்படி எழுதுவது எப்படி?

ஆங்கிலத்தில் PIN என்று பெரிய எழுத்துகளில் எழுதினாலே அது சுருக்கப்பெயர் என்று தெரிந்துவிடும். தமிழில் அந்த வசதி இல்லை. பிறகு, பின்புறம் எனப் பொருள்படும் நம் பழைய சொல்லும், ஸ்டேப்ளரிலும் சார்ஜர் முனையிலும் இருக்கும் பின்னும், ஏ.டி.எம்.மில் அழுத்தும் ரகசிய எண்ணும் எழுத்தில் ஒரே ‘பின்’தான்.

வேற்றுமை உருபு சேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். “பின்னால் திறக்கலாம்” என்றால் எண்ணைக் கொண்டு திறப்பதா, பின்புறமாகத் திறப்பதா, பிற்பாடு திறப்பதா? “கார்டு வந்ததும் பின் அனுப்பவும்” என்பதும் அப்படித்தான். அதனால் ரகசிய எண்ணைக் குறிக்கும்போது ‘பின் எண்’ என்றே எழுதுங்கள். PIN என்பது Personal Identification Number, சுருக்கத்துக்குள்ளேயே ‘எண்’ இருக்கிறதே, கூறியது கூறல் ஆகாதா என்பார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் அந்த ‘எண்’தான் பொருளைக் காப்பாற்றுகிறது. உருபையும் அதிலேயே சேருங்கள்: பின் எண்ணை, பின் எண்ணால். இரண்டையும் புணர்த்தி ‘பின்னெண்’ ஆக்க வேண்டாம், யாருக்கும் புரியாது.

அதே பத்தியில் காலத்தைச் சொல்ல வேண்டிவந்தால் ‘பிறகு’ போடுங்கள். “பணம் வந்த பின் எண்ணை உள்ளிடவும்” என்ற வரியை அவசரத்தில் படிப்பவர், பணம் பெறவும் ரகசிய எண் வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். இது வெறும் நடைப் பிழை அல்ல, மோசடிக்காரர்கள் சொல்லும் பொய்யே இதுதான். யு.பி.ஐ.யில் 4 அல்லது 6 இலக்கப் பின் எண் பணம் அனுப்பவும் இருப்பு பார்க்கவும்தான். பணம் பெறத் தேவையே இல்லை.

அஞ்சல் பின்கோடு வேறு சுருக்கம்: Postal Index Number. 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்தியாவில் வழக்கில் உள்ள இந்த 6 இலக்க எண்ணில் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா அலுவலகத்தையும் காட்டும். படிவங்களில் ‘அஞ்சல் குறியீட்டு எண்’ என்று போட்டால் யாரும் வங்கி எண்ணை எழுதிவைக்க மாட்டார்கள். ‘பின்கோடு’ என எழுதினால் ஒரே சொல்லாக எழுதுங்கள். பகலோடு சேர்ந்து ‘பிற்பகல்’ ஆவது நம் ‘பின்’ மட்டுமே. கடன்சொல் அப்படித் திரியாது.

புள்ளி வைப்பதற்கு வாயில் வரும் ஒலிதான் அளவுகோல். எழுத்தெழுத்தாகச் சொன்னால் புள்ளி உண்டு: ஏ.டி.எம்., யு.பி.ஐ. ஒரே சொல்லாகச் சொன்னால் இல்லை: பின், சிம். ‘பி.ஐ.என்.’ என்று யாரும் சொல்வதில்லை, எழுதவும் வேண்டாம்.

சிம் கார்டைப் பூட்டிவைக்கும் ரகசிய எண்ணைப் பற்றி எழுதும்போது ‘சிம் பின் எண்’ என முழுதாகச் சொல்லுங்கள். வெறும் ‘பின் எண்’ என்றால் படிப்பவர் ஏ.டி.எம். எண்ணைப் போட்டுப் பார்ப்பார். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க பி.யூ.கே. (PUK) என்ற 8 இலக்கத் திறப்பு எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும்.