உறைந்த தரையில் விமானத்தை நகர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறக்கையில் படியும் பனியின் ஆபத்து பலருக்கும் தெரியும். தரையில் ஊர்ந்து போகும்போது பனி என்ன செய்யும் என்பதை அவ்வளவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. மெதுவாகத்தானே போகிறது என்ற நினைப்புதான். 70 டன் விமானம் நடைவேகத்தில் வழுக்கினாலும் பக்கத்தில் நிற்கும் இன்னொரு விமானத்தின் இறக்கையைப் பதம் பார்த்துவிடும்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய், பிரேக்கை நம்புவது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தைத்தான். விமானத்தை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பு. ஜெட் எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுழற்சியில், இருந்தாலும் விமானத்தை முன்னே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பிடிப்பு போய்விட்டால், பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்கள் துளியும் சுழலாத நிலையிலேயே விமானம் நகரும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. எஞ்சின் விசிறியில் ஒட்டும் பனியை உதிர்க்க அவ்வப்போது எஞ்சினை முடுக்கியாக வேண்டும். அதற்குப் பிடிப்புள்ள இடமாகப் பார்க்க வேண்டும். பின்னால் ஆளோ வண்டியோ இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது திருப்பம். வேகத்தோடு திருப்பினால் முன்சக்கரம் திரும்பும், விமானம் நேராகப் போகும். பதறி இன்னும் ஒடித்தால், சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டு இருந்த பிடிப்பும் போகும். நேராகப் போகும்போதே வேகத்தை 10 நாட் (knot) அளவுக்குக் கீழே, அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டருக்குக் கீழே குறைத்துக்கொண்டு, பிறகு திருப்புவதே சரி. தரையிறங்கிய கையோடு ஓடுபாதையை விட்டு விலகும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. அதுவரை வந்த வேகத்தோடு ஒப்பிட்டால் 20 நாட் கூட நின்றுவிட்டது போலத் தோன்றும்.

ஓடுபாதை நிலவரத்தை, விமானம் ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவேக்கும் பொருத்திப் பார்ப்பது இன்னொரு பிழை. 2021 நவம்பர் முதல் ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறைப்படி ஓடுபாதைக்கு 6 முதல் 0 வரை எண் தரப்படுகிறது: காய்ந்திருந்தால் 6, பனிக்கட்டி என்றால் 1, ஈரமான பனிக்கட்டி என்றால் 0. அந்த எண் ஓடுபாதைக்கு மட்டுமே. பனியை அகற்றும் வண்டிகளும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போகும். இன்னொன்று, வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கினால் நிம்மதி அடையக் கூடாது. கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட, மேலே நீர் கசியும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும்.

இழுவை வண்டி விஷயத்துக்கு 1982 ஜனவரி 13-ஐ நினைவுபடுத்தலாம். வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் ஏர் ஃப்ளோரிடா 90 விமானத்தைப் பின்னே தள்ள வந்த வண்டியின் சக்கரங்களில் சங்கிலி இல்லை. பனியும், பனி நீக்கத் தெளிக்கும் கிளைகால் திரவமும் கலந்த தரையில் அது சுழன்றதே தவிர, தள்ளவில்லை. உடனே விமானிகள் ரிவர்ஸ் த்ரஸ்ட், அதாவது எஞ்சினின் உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்பும் முறையைப் போட்டுப் பார்த்தார்கள். கூடாத காரியம் அது, விமானமும் அசையவில்லை. கடைசியில் சங்கிலி கட்டிய வேறொரு வண்டிதான் தள்ளியது. எஞ்சின் பனித்தடுப்பைப் போடாமலும் இறக்கையில் பனியோடும் கிளம்பிய அந்த விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 78 பேர். தள்ள முடியவில்லை என்றால் தகுந்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வழி தேடக் கூடாது.

இழுக்கும்போது சிக்கல் வேறு மாதிரி. வண்டியைவிட விமானம் கனம். வண்டி சட்டென நின்றால் பின்னால் வரும் விமானம் அதைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். மெல்லக் கிளம்பி மெல்ல நிறுத்துவதுதான் இதற்கு மருந்து. முன்சக்கரத்தையே தூக்கிக்கொள்ளும் வகை வண்டி இங்கே கொஞ்சம் தேவலை. விமானத்தின் எடையில் ஒரு பங்கு அதன் மேல் இறங்குவதால் பிடிப்பு கூடும்.

பாதி உருகிய பனியில், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற மடலை முன்கூட்டியே இறக்கினால் சக்கரம் வாரியடிப்பதெல்லாம் அதில் அப்பி உறையும். எனவே கிளம்புவதற்குச் சற்று முன்புதான் இறக்குவார்கள். வழக்கமான வரிசை மாறுவதால் மறந்தே போகவும் வாய்ப்புண்டு. செக்லிஸ்டை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பது நல்லது.

அப்புறம், நிறுத்திய பிறகு. பனியின் மேலேயே வைத்த சக்கரக்கட்டை விமானத்தோடு சேர்ந்து வழுக்கும். பனியைச் சுரண்டி மணல் தூவிவிட்டு வைக்க வேண்டும். கட்டை உறுதியாக நின்றதும் பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கலாம். ஈரமான பிரேக்கை அழுத்திய நிலையிலேயே விட்டால், தட்டுகள் ஒன்றோடொன்று உறைந்து, மறுநாள் காலையில் சக்கரம் சுழல மறுக்கும்.