விரல் மூடாத கையுறை: ஒரே நூல் உருண்டையில் ஒரு குளிர்காலப் பரிசு

ரொறன்ரோவில் டிசம்பர் வந்தால் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகலிலும் பல நாள் வானம் சாம்பல் நிறம்தான். அப்படிப்பட்ட நாளில் கையில் ஒரு பளிச்சென்ற நிறம் இருந்தால் மனசு கொஞ்சம் தெளியும். பரிசு பின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது விரல் மூடாத கையுறை. சால்வை தொடங்கினால் வசந்தம் வந்த பிறகும் முடியாது. இதற்கு இரண்டு சதுரத் துண்டுகள் போதும். விரல்கள் வெளியே இருப்பதால் பஸ்ஸில் பிரெஸ்டோ பயண அட்டையை எடுக்கக்கூடக் கழற்ற வேண்டாம்.

லேபிளில் 4 (நடுத்தரத் தடிமன்) என்று போட்ட 100 கிராம் நூல் உருண்டை ஒன்று, 5 மி.மீ. பின்னல் ஊசி ஒரு ஜோடி, தைக்க மொட்டை முனை ஊசி ஒன்று. மூங்கில் ஊசியே வாங்குங்கள், உலோகத்தில் கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) வழுக்கி ஓடும். நிறம் கடுகு மஞ்சளாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் வேண்டவே வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. மெஷினில் துவைக்கக்கூடிய சூப்பர்வாஷ் கம்பளிதான் பரிசுக்கு நல்லது. சாதாரணக் கம்பளியை யாராவது வெந்நீரில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

காஸ்ட் ஆன் (ஊசியில் முதல் கண்ணிகளை ஏற்றுவது), நிட், பர்ல் (பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணிகள்) மூன்றும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஒரு மீட்டர் நூல் வால் விட்டு 36 கண்ணி போடுங்கள். மிஞ்சும் வாலை வெட்டாதீர்கள், தைக்க உதவும்.

2. 2 நிட், 2 பர்ல் என்று வரிசை முடியும்வரை. திருப்பி, மறுபடி அதே. 36 நான்கால் வகுபடுவதால் எல்லா வரிசையும் ஒன்றுதான்.

இங்கேதான் நிதானம் வேண்டும். நிட்டுக்கு நூல் பின்னால், பர்லுக்கு முன்னால் இருக்க வேண்டும். மாற்றும்போது இரண்டு ஊசி முனைகளுக்கு இடையே கொண்டுவாருங்கள். ஊசிக்கு மேலாகச் சுற்றி வந்தால் ஒரு வளையம் கூடி, 36 கண்ணி 37 ஆகும், கீழே ஓட்டை விழும். முதல் சில வரிசைகளில் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் பிரிக்க வேண்டாம். அடுத்த வரிசையில் அந்த வெறும் வளையத்தை ஊசியிலிருந்து நழுவவிட்டால் சரியாகிவிடும். எங்கே இருக்கிறோம் என்று குழம்பினால் கண்ணியைப் பாருங்கள்: கழுத்துப்பட்டி போட்டதுபோல் ‘வி’ தெரிந்தால் நிட், குறுக்கே முடிச்சு தெரிந்தால் பர்ல்.

3. 18 செ.மீ. வந்ததும் பைண்ட் ஆஃப் (கண்ணிகளை மூடி முடிப்பது).

4. பக்க ஓரங்களைச் சேர்த்துக் கீழிருந்து 10 செ.மீ. தையுங்கள். கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மேலே 3 செ.மீ. தையுங்கள். இரண்டாவது கையும் இப்படியே.

பிறகு சேர்த்தது: மேல் விளிம்பு கையை இறுக்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பைண்ட் ஆஃபை மட்டும் 6 மி.மீ. ஊசியால் செய்யுங்கள். அப்போதும் நிட்டை நிட்டாக, பர்லை பர்லாகவே பின்னி முடியுங்கள், விளிம்பு நன்றாக இழுபடும். அளவு கேட்டவர்களுக்கு: சிறுவர்களுக்கு 28 கண்ணி, பெரிய கைக்கு 40.