பள்ளிக்கூடத்துக்கு ஆப் வாங்கும் முன் கிளார்க் அண்ணாச்சியோடு ஒரு டீ குடியுங்கள்

மும்பையில் சயன் பக்கம் ஒரு டிரஸ்ட் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன். அந்த வேலைக்கு வந்த பாவத்துக்கு, பள்ளிக்கு எது புதிதாக வந்தாலும், புரொஜெக்டரோ ஆன்லைன் ஃபீஸோ வருகைப்பதிவு ஆப்போ, என் தலையில்தான் விடியும். வருகைப்பதிவை ஆப்புக்கு மாற்ற மூன்று முறை முயன்றோம், முதல் இரண்டும் ஊத்திக்கொண்டன.

முதல் தடவை ஜூனில் பள்ளி திறந்ததும் தடபுடலாக ஆரம்பித்தோம், கணபதி விடுமுறை வருவதற்குள் ஒருவரும் ஆப்பைத் தொடவில்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் டிக் போட்டுத் தள்ளினார்கள். மழைக்காகப் பள்ளிக்கே விடுமுறை விட்ட ஒரு நாளில் ஏழாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் வந்திருந்ததாக ஆப் காட்டியது. அன்று டீச்சர்கள் மேல்தான் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் தப்பு எங்கள் மேல். காகித கேட்டலாக்கையும் (வகுப்பு வருகைப் பதிவேடு) எழுதச் சொல்லிவிட்டு ஆப்பிலும் போடச் சொன்னோம். வேலை டீச்சருக்கு இரண்டு மடங்கு, லாபம் முழுக்க ஆபீசுக்கு. யார்தான் செய்வார்கள்?

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இந்தப் பொறுப்பை உங்களிடம் தள்ளியிருந்தால், நாங்கள் அடிபட்டுக் கண்டுபிடித்த வரிசை இது. வருகைப்பதிவை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாகச் சுற்றுங்கள்

கம்பெனிக்காரரின் டெமோவைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு பிள்ளையின் பெயர் உங்கள் பள்ளியில் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று எண்ணுங்கள். எங்களிடம் ஜெனரல் ரெஜிஸ்டர் (பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் போடும் பதிவேடு), கேட்டலாக், மதிப்பெண் பட்டியல், ஃபீஸ் ரசீது, மத்திய அரசின் பள்ளி விவரத் தளமான யூடைஸ் பிளஸ் பதிவு, இங்கே படிக்கிறான் என்று கொடுக்கும் போனஃபைட் சான்றிதழ், கடைசியில் லீவிங் சர்ட்டிபிகேட். இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள் ஆபீஸ் கிளார்க். அதனால் முதல் டீ அவரோடு. "அண்ணாச்சி, இதுல எதை எழுதத்தான் உங்களுக்குக் கை வலிக்குது?" என்று கேட்டேன். "மாசக் கடைசியில மொத்த வருகை கூட்டிப் போடுறதுதான் சார், ரெண்டு நாள் போயிருது" என்றார். வகுப்பு டீச்சர்களைக் கேட்டால் அவர்களுக்கும் அதே வலி. பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி அதுதான்.

பிறகு ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இந்த மாற்றத்தால் யார் வேலை கூடுகிறது, யார் வேலை குறைகிறது என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். கூடுகிற பக்கத்தில் இருப்பவரின் பெயர் குறைகிற பக்கத்தில் எங்குமே இல்லை என்றால், அவருக்கு ஏதாவது ஒரு பழைய வேலையை எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கொடுக்க வேண்டும். அதற்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

"எங்க டீச்சருங்களுக்கு கம்ப்யூட்டர் வராது சார்" என்பார்கள். நம்பாதீர்கள். காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறந்ததும் ஊருக்கு நாலு டிக்கெட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போடுகிற அதே டீச்சர்கள்தான் இவர்கள். ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-லேயே இதை அளந்து பார்த்தார். ஒரு கருவி எளிதாக இருக்கிறதா என்பதைவிட, தன் வேலைக்கு உதவுமா என்ற எண்ணம்தான் அதைப் பயன்படுத்துவதோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்று வந்தது.

படி 2: பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், எங்கள் இரண்டாவது முயற்சி இங்கேதான் கவிழ்ந்தது. மும்பையில் படிவமெல்லாம் பெயர், அப்பா பெயர், சர்நேம் என்று மூன்று கட்டம் கேட்கும். நம் தமிழ்ப் பிள்ளைக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கட்டத்தைக் காலியாக விட்டால் ஆப் விடாது. அதனால் ஒரே பையன் ஜெனரல் ரெஜிஸ்டரில் இனிஷியலோடும், ஆதாரில் அப்பா பெயரைச் சர்நேமாக வைத்தும், ஃபீஸ் ரசீதில் தாத்தா மும்பைக்கு வந்த காலத்தில் எவரோ ஒட்டிவிட்ட ஒரு சர்நேமோடும் மூன்று பையன்களாக இருப்பான். இதை அப்படியே ஆப்பில் ஏற்றினால் வகுப்பில் நாற்பது பேர் இருக்க, திரையில் ஐம்பது பேர் வருவார்கள்.

செய்ய வேண்டியது: ஒரே ஒரு எக்செல் ஃபைல். முதல் கட்டத்தில் ஜி.ஆர். நம்பர், அதாவது ஜெனரல் ரெஜிஸ்டர் நம்பர். அதுதான் பிள்ளையின் அடையாளம், பெயரை ஒருபோதும் அடையாளமாக வைக்காதீர்கள். அடுத்த கட்டத்தில் ஜெனரல் ரெஜிஸ்டரில் உள்ள பெயர், எழுத்துப் பிசகாமல். அதற்கடுத்து ஆதாரில் உள்ள பெயர். இரண்டும் ஒத்துப்போகாதவற்றுக்கு மஞ்சள் நிறம் போடுங்கள். நீங்களாக ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வந்து நிற்கும்போது பெற்றோர் உங்களைத்தான் தேடி வருவார்கள். மஞ்சள் பட்டியலைப் பெற்றோரிடம் காட்டி, கையெழுத்து வாங்கி, அப்புறம் முறைப்படி திருத்துங்கள்.

அதே ஃபைலில் இன்னும் இரண்டு கண்ணி இருக்கிறது. பிறந்த தேதி 05/06 என்றால் ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்து மாறும், அதனால் மாதத்தை எழுத்தில் போட்டுவிடுங்கள். இன்னொன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பட்டியல்கள். அவை ஆப்பில் ஏறும்போது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும், முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றியதை ஆப்பில் ஏற்றுவதற்கான சிஎஸ்வி ஃபைலாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். எங்களுக்கு இந்தப் படிக்கு மட்டும் ஏப்ரல், மே இரண்டு மாதம் போனது.

படி 3: இரண்டே வகுப்பில் ஆரம்பியுங்கள்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை வந்தபோது விவசாயிகள் அதை எப்படி ஏற்றார்கள் என்று ரயன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-ல் எழுதினார்கள். விளைச்சல் கூடும் என்று தெரிந்தும் பெரும்பாலோர் முதல் வருடம் கொஞ்சம் நிலத்தில்தான் விதைத்தார்கள். விற்பவர் சொல்லித் தெரிந்துகொண்டாலும், பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகே முழுசாக நம்பினார்கள். நம் ஸ்டாஃப் ரூமும் அந்த வயல்தான்.

பின்னால் எவரெட் ரோஜர்ஸ் இதைக் கணக்காக்கினார்: முந்திக்கொண்டு இறங்குபவர்கள் 2.5 சதவீதம், அடுத்து வருபவர்கள் 13.5, கடைசி வரை இழுப்பவர்கள் 16. நாற்பது டீச்சர் உள்ள பள்ளி என்றால் முதல் ஆள் ஒருவர்தான், அவர் பின்னால் ஐந்து பேர். அந்த முதல் ஆள் பெரும்பாலும் நீங்களே. உங்களைப் பார்த்து யாரும் மாற மாட்டார்கள், "அவருக்கென்ன, கம்ப்யூட்டர் சார்" என்று போய்விடுவார்கள். அந்த ஐந்து பேரில் மற்றவர்கள் மதிக்கிற, கொஞ்சம் சந்தேகப்படுகிற ஒருவரைப் பிடியுங்கள். நாங்கள் பிடித்தது ஓய்வுக்கு மூன்று வருடமே இருந்த ஆறாம் வகுப்பு டீச்சரை. ஒரு மாதம் திட்டிக்கொண்டே செய்தார். மாதக் கடைசியில் கூட்டல் தானாக வந்து நின்றதும், "இது தேவலாமே" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு வார்த்தை சொன்னார். நான் போட்ட எந்தப் பிரசன்டேஷனும் அந்த வேலையைச் செய்யவில்லை.

படி 4: பயிற்சி இருபது நிமிடம்

சனிக்கிழமை மதியம் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் திரையைக் காட்டாதீர்கள். சமோசா நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கும். ஐந்தைந்து பேராக, அவரவர் போனில், அவரவர் வகுப்புப் பட்டியலை வைத்து, ஒரே ஒரு வேலை. போன் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், நீங்கள் வாங்கி "இப்படி டீச்சர்" என்று அழுத்திக் காட்டினால் அவருக்கு ஒன்றும் ஏறாது.

படி 5: காகிதத்தை நிறுத்தும் தேதியை முதலிலேயே சொல்லுங்கள்

இரண்டையும் சேர்த்து எழுதும் காலம் ஒரு மாதம், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது. அந்தத் தேதியோடு தலைமையாசிரியரின் கையெழுத்துப் போட்ட அறிவிப்பு ஸ்டாஃப் ரூமில் ஒட்டப்பட வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டலாக் கேட்டால் என்ன காட்டுவது என்ற பயத்தில்தான் எல்லாரும் காகிதத்தை விட மறுக்கிறார்கள். அதனால் மாதாமாதம் பிரின்ட் எடுத்து, வகுப்பு டீச்சரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு, பைண்டு செய்து வைப்போம் என்று முடிவெடுத்து, அது போதுமா என்பதையும் முன்கூட்டியே உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை மழையில் நெட் போகும். ஒவ்வொரு வகுப்பிலும் பெயர் அச்சிட்ட வெற்றுத் தாள் பத்து இருக்கட்டும். அன்று அதில் குறித்து, மறுநாள் ஏற்றலாம்.

படி 6: பெற்றோர்

தாராவியில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வரும். ஆப்பில் மட்டும் செய்தி அனுப்பிவிட்டு "சொன்னோமே" என்று கை கழுவாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் டைரியிலும் போகட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள், அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதே அதன் பொது விதி. சம்மதத் தாளைத் தமிழிலும் இந்தியிலும் எளிமையாக எழுதுங்கள், போட்டோ வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு.

படி 7: வெளியே வரும் வழி

கையெழுத்துப் போடும் முன் கம்பெனிக்காரரிடம் கேளுங்கள்: "நாளைக்கு நாங்க விலகினா, எல்லா விவரமும் எக்செல்லில் கிடைக்குமா?" டெமோ அன்றே அதை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெரிய கம்பெனி என்பதால் கருவி நிலைக்கும் என்றில்லை, கூகுளின் ஜாம்போர்டு என்ற ஆன்லைன் வெள்ளைப்பலகை 2024 டிசம்பர் 31-உடன் நின்றது.

அப்புறம், அட்மின் கணக்கைப் பள்ளியின் ஈமெயிலில், பள்ளியின் போன் நம்பரில் வையுங்கள். எங்களிடம் அது ஒருவரின் சொந்த நம்பரில் இருந்தது. அவர் பிள்ளைக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போயிருந்தபோது இங்கே லாக் ஆகிவிட்டது, மனிதர் தரிசன வரிசையில் நின்றபடி ஓடிபி சொன்னார். இப்போது பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரியும், மூன்றாவது பிரதி தலைமையாசிரியர் பீரோவில் ஒட்டிய கவரில் இருக்கிறது, பீரோ சாவி அண்ணாச்சியிடம்.