குளிர்கால வயல்வெளியில் விலங்குகளையும் முதல் பூக்களையும் பார்ப்பது எப்படி?

குளிர் நாடுகளில் டிசம்பர் வந்துவிட்டால் வெளியே பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. கோடையில் குரலை மட்டும் கேட்கவிட்டு இலைக்குள் ஒளிந்துகொள்ளும் பறவை, இப்போது மொட்டைக் கிளையில் முழுசாகத் தெரியும்.

படி 1: நேரம்

விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் சிறந்தது. நீண்ட இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவைகள் அப்போது இரை தேடுவதிலேயே குறியாக இருக்கும். சாயங்காலம் போனால் சீக்கிரம் இருட்டிவிடும், திரும்பும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

படி 2: எடுத்துப்போக

நடக்கும்போது சரசரக்காத உடை, நீர் புகாத காலணி, ஒரு சின்ன நோட்டு. பைனாகுலர் இருந்தால் 8x42 போதும்: 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. அகல முன்கண்ணாடி மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகக் காட்டும். பறவையை முதலில் வெறுங்கண்ணால் பிடித்துக்கொண்டு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அதைவிட்டு பைனாகுலர் வழியாகவே தேடினால் கிடைக்காது.

படி 3: நில்லுங்கள்

நடந்துகொண்டே இருக்காதீர்கள். ஒரு வேலிப்புதர் ஓரமாகப் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும், பயந்து அடங்கியவை மெல்ல வெளியே வரும். ஐரோப்பாவின் சின்னச் செம்மார்புப் பறவையான ராபின் குளிர்காலத்திலும் பாடும், அதில் பெண் பறவையும் பாடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆணும் பெண்ணும் இந்தப் பருவத்தில் தனித்தனி எல்லை பிடித்து அதைப் பாடிக் காப்பாற்றுகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரென் குருவி சுமார் 10 கிராம்தான் இருக்கும். 1969-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென் குருவிகள் ஒண்டி இரவைக் கழித்தது பதிவாகியிருக்கிறது. குளிரைத் தாங்க அவ்வளவு பாடு! அப்படிப்பட்ட பறவையை நாம் ஒருமுறை விரட்டினாலும், அன்று தின்று சேர்த்த சக்தியில் ஒரு பகுதி அந்தப் பறப்பில் வீணாகிவிடும். ஒரு பறவை தின்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

படி 4: தடம் படியுங்கள்

விலங்கைப் பார்க்க முடியாவிட்டாலும் பனியிலும் சேற்றிலும் அது எழுதிவிட்டுப் போயிருக்கும். முயல் தடத்தில் இரண்டு சின்னப் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகவும், இரண்டு நீளப் பதிவுகள் அக்கம்பக்கமாகவும் இருக்கும். நீளமானவை பின்னங்கால்கள், ஆனால் துள்ளும்போது அவைதான் முன்னால் விழும், அதனால் முயல் எந்தப் பக்கம் போனது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம். நரியின் தடம் நூல் பிடித்ததுபோல் நேர்க்கோட்டில் போகும், நாய் அங்கும் இங்கும் அலையும். கொட்டைகளையும் கவனியுங்கள்: ஹேசல் என்ற சிறு மரத்தின் கொட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தால் அணில், வட்டமாகத் துளை இருந்தால் எலி வகை.

படி 5: பூக்கள்

எல்லோரும் ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூவைத் தேடி ஓடுவார்கள், நீங்கள் ஹேசல் மரத்திலிருந்து தொடங்குங்கள். ஜனவரியிலேயே வால்போல மஞ்சள் சரங்கள் தொங்கும். அவை ஆண் பூக்கள், விரலால் தட்டினால் மகரந்தம் புகையாய்ப் பறக்கும். அப்புறம் அதே கிளையில் மொட்டுகளை ஒவ்வொன்றாக உற்றுப் பாருங்கள். சிலவற்றின் நுனியில் சில மில்லிமீட்டர் அளவில் சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பெண் பூ. இலை துளிர்ப்பதற்கு முன்பே பூப்பதால், காற்றில் வரும் மகரந்தத்தை மறிக்க எதுவும் இல்லை. முதன்முதலாக அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த அன்று நான் வெகுநேரம் அந்த மரத்தடியிலேயே நின்றிருந்தேன்.

ஸ்னோடிராப் கடும் உறைபனியில் தலைசாய்ந்து படுத்துக்கிடக்கும். செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வெயில் வந்ததும் நிமிர்ந்துவிடும். பறிக்க வேண்டாம், அதன் கிழங்கு நச்சும்கூட. பூக்கூட்டத்துக்கு நடுவே கால் வைக்காதீர்கள், இன்னும் வெளிவராத முளைகள் மண்ணுக்குள் இருக்கும்.

படி 6: எழுதிவையுங்கள்

தேதி, வானிலை, இடம், பார்த்தது, அவ்வளவுதான். நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் வசந்தத்தின் அறிகுறிகளை இப்படிக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தினர் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். நீங்கள் ஒரே ஒரு ஹேசல் மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாராவாரம் அதே மரத்துக்குப் போய், சிவப்பு இழை தெரிந்த முதல் நாளை நோட்டில் குறியுங்கள்.