கண் சரிசெய்ய ஊருக்குப் போகிறீர்களா? முதல் வாரத்திலேயே ஹெட்செட்டை மாட்டிப் பாருங்கள்

விடுமுறைக்குத் தாயகம் போகும்போது கண்ணையும் சரிசெய்துகொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். மருத்துவரிடம் சொந்த மொழியில் பேசலாம், சொட்டு மருந்து விட்டுவிட உறவினர் இருக்கிறார்கள். இப்போது சில கண் மருத்துவமனைகளில் கண்புரை போன்ற அறுவைக்கு முன்பே, கண்ணை மூடி மெய்நிகர் காட்சி காட்டும் ஒரு வி.ஆர். ஹெட்செட்டை மாட்டி, கண்ணுக்குள் எந்தச் செயற்கை லென்ஸ் வைத்தால் உலகம் எப்படித் தெரியும் என்று காட்டுகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அதைப் பயண நாட்களின் கடைசியில் ஒரு சடங்குபோலச் செய்தால் பயனில்லை.

வேலை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். லேசரால் கருவிழியைத் திருத்தும் லேசிக் அறுவைக்கான பரிசோதனைக்கு முன், மென்மையான லென்ஸ் என்றால் 2 வாரமும், கடினமான லென்ஸ் என்றால் 3 முதல் 4 வாரமும் கழற்றி வைக்கச் சொல்வது வழக்கம். லென்ஸ் கருவிழியின் வளைவை மாற்றியிருக்கும். அந்த வளைவை அளந்துதான் எல்லாக் கணக்கும் போடுவார்கள். விமானத்தின் வறண்ட காற்றும் கண்ணை உலர்த்தும். உலர்ந்த கண்ணில் எடுத்த அளவு பிசகலாம். அதனால் வந்திறங்கிய மறுநாளே ஓடாமல் இரண்டு மூன்று நாள் தூங்கி எழுந்து போங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை. விழித்திரையைப் பார்ப்பதற்காக முதலில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டார்கள். அப்புறம்தான் ஹெட்செட் வந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, "எல்லாமே கலங்கலாத்தான் இருக்கு, எதைன்னு சொல்றது?" என்றார். அந்த மருந்தால் வரும் மங்கல் தெளியச் சில மணி நேரம் ஆகும். அன்றைய வேலை வீண், இன்னொரு நாள் போனோம். சொட்டு மருந்துக்கு முன்பே ஹெட்செட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, ஹெட்செட்டில் எதைப் பார்ப்பது? வழக்கமாக மூன்று நான்கு வகை லென்ஸ் காட்டுவார்கள். ஒற்றைக் குவிய லென்ஸில் தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மும்முனைக் குவிய லென்ஸ் தூரம், கணினித் திரை, சுமார் 40 செ.மீ. தள்ளிப் பிடிக்கும் புத்தகம் மூன்றையும் ஓரளவு தரும். குவிய ஆழம் நீட்டிய லென்ஸில் தூரமும் திரையும் நன்றாக இருக்கும், பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையும் உண்டு. அதை ஹெட்செட்டில் பார்ப்பதைவிட, கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் நடமாடிப் பார்ப்பதுதான் மேல்.

இதில் இரவுக் காட்சியைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பகல் காட்சியில் எல்லா லென்ஸும் அழகாகத்தான் இருக்கும். மும்முனை போன்ற பல குவிய லென்ஸ் வெளிச்சத்தைப் பிரித்து அனுப்புவதால், இருட்டில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். எதிரே வரும் வண்டியின் இரண்டு முகப்பு விளக்கையும் சுற்றி மங்கலான தட்டுகள் பரவியதைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இரவு நேர லாரி ஓட்டும் என் மாமா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அவருக்கு ஒற்றைக் குவியம்தான் என்று அந்த நொடியே முடிவானது. அதே காட்சியைப் பார்த்த அம்மாவோ, "ராத்திரியில நான் எங்க போகப் போறேன்? ஊசியில நூல் கோக்க முடியணும்" என்றார். உங்கள் கண் ஒரு நாளில் என்னென்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வண்டி ஓட்டுவது, தையல், கைப்பேசி, திரை முன் எத்தனை மணி நேரம் என்று எல்லாம்.

எதை நம்பக் கூடாது என்பதும் முக்கியம். நல்ல பார்வையின் கூர்மையைக் காட்ட ஒரு பாகைக் கோணத்துக்குச் சுமார் 60 படப்புள்ளிகள் வேண்டும். பெரும்பாலான ஹெட்செட்கள் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. எனவே "இவ்வளவு தெளிவாகத் தெரியும்" என்று அதை வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது. திரையின் வெளிச்சம் நிஜ முகப்பு விளக்குக்கு ஈடாகாது, ஆகவே கண் கூச்சம் நிஜத்தில் அதிகமாகவே இருக்கலாம். புரை உள்ள கண் அந்தத் திரையையும் புரை வழியாகத்தான் பார்க்கும். ஸ்பெயினில் உருவான சிம்விஸ் கெக்கோ போன்ற கருவிகள் வேறு வழியில் போகின்றன. கண் உணர முடியாத வேகத்தில் குவியம் மாறும் சிறு லென்ஸ் வழியாக நிஜ உலகையே பார்க்க வைக்கின்றன. அத்தகையது கிடைத்தால் உங்கள் கைப்பேசியையே அதன் வழியாகப் படித்துப் பாருங்கள்.

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் படம் எவ்வளவு பிடித்திருந்தாலும் மருத்துவர் சொல்லைத்தான் கேட்க வேண்டும். அவர்களில் பலருக்குப் பல குவிய லென்ஸ் பொருந்தாது. வலிப்பு, தலைசுற்றல் இருந்தால் ஹெட்செட் மாட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் வாரத்திலேயே இதை முடித்துவிட்டால், வீட்டில் பேசி முடிவெடுக்கச் சில நாள் கிடைக்கும். பரிசோதனை முடிந்த மாலையே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு கண்ணுக்கும் கண்புரை அறுவை என்றால் வழக்கமாக நடுவில் சில நாள் முதல் சில வாரம் வரை இடைவெளி விடுவார்கள். சொட்டு மருந்து சுமார் 4 வாரம் போகும். கண்ணாடி அளவு நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். பல குவிய லென்ஸுக்கு மூளை பழக மாதங்கள் ஆகலாம். மூன்று வார விடுமுறையில் இரண்டு கண்ணையும் அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரையும்வரை விமானமே ஏறக் கூடாது.

கிளம்பும் முன் லென்ஸ் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். லென்ஸின் பெயர், திறன், வரிசை எண் அதில் இருக்கும். பிற்காலத்தில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கினால் லேசரால் சரிசெய்ய வேண்டிவரும். அதை நீங்கள் வாழும் நாட்டு மருத்துவர்தான் செய்வார், அவருக்கு அந்த அட்டை உதவும். அம்மாவின் அட்டை அவர் கடவுச்சீட்டு உறைக்குள்ளேயே இருக்கிறது, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.