பழைய கியர் சைக்கிளில் கான்டிலீவர் பிரேக்கைச் சரிசெய்து நடுவில் நிறுத்துவது எப்படி?

டெல்டாவில் இறக்கம் என்றால் ஆற்றுப் பாலமும் ஆற்றங்கரையும்தான். வெண்ணாற்றங்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு இறங்கும் இடத்தில் வளைவும் வாய்க்கால் மதகும் ஒன்றாக வரும். போன வருஷம் அங்கே பிரேக் பிடித்தபோது இடப்பக்க பிரேக் கட்டை ரிம்முக்கு அடியில் நழுவிப் போக்ஸ் கம்பிகளில் உரசியது. நல்லவேளை, காலை ஊன்றி நின்றுவிட்டேன். அன்று மாலையே பிரேக்கைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தேன்.

தடித்த டயர் போட்ட 90-களின் சைக்கிள்கள் பலவற்றில் இந்த பிரேக்தான் இருக்கும். ரிம்மின் இருபுறமும் கட்டையைத் தாங்கும் தனித்தனி பிரேக் கைகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங். இரண்டையும் ஒரு குறுக்கு ஒயர் இணைக்கும், அதன் நடுவை ஒரு கொக்கி மூலம் மெயின் ஒயர் மேலே இழுக்கும். ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலும் அந்தப் பக்கக் கட்டை ரிம்மில் உரசும். உடனே எல்லாரும் ஒயரை இழுத்து முறுக்குவார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள்.

10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், 5 எம்எம், 2 எம்எம் ஆலன் கீ, கொஞ்சம் கிரீஸ், ஒரு பழைய டூத் பிரஷ். இவ்வளவு போதும்.

முதலில் சக்கரம். சைக்கிளை நிற்க வைத்து ஆக்சில் நட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தபடி மறுபடி முறுக்குங்கள். சக்கரம் போர்க்கின் (அதைத் தாங்கும் கவையின்) நடுவில் உட்காரும். ரிம் ஆடினால் கடையில் கொடுத்துப் பெண்டு எடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, பிரேக்கின் இரண்டு கைகளையும் ரிம்மோடு சேர்த்து அமுக்கிக் குறுக்கு ஒயரின் முனையைக் கழற்றுங்கள். விட்டதும் கைகள் துள்ளி விலக வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் உள்ளே துருவோ வண்டலோ இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இது சீக்கிரமே இறுகிவிடும். 5 எம்எம் போல்ட்டைக் கழற்றி பிரேக் கையை உருவுங்கள். ஸ்பிரிங்கின் நுனி போர்க்கில் எந்த ஓட்டையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று ஓட்டைகள் இருக்கும், இரண்டு பக்கமும் நடு ஓட்டையில் மாட்டுவது நல்லது. கை மாட்டியிருந்த முளையைத் தேய்த்துத் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கட்டையிலும் ரிம்மிலும் கிரீஸ் படவே கூடாது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி ஒரு தடவையும் ஐப்பசி அடைமழை விட்டதும் ஒரு தடவையும் இதைச் செய்துவிடுகிறேன்.

இனி கட்டை. பொறுமை வேண்டியது இங்கேதான். கை சுழலும் முளை ரிம்முக்குக் கீழே இருப்பதால், கட்டை உள்ளே வரும்போது கொஞ்சம் கீழேயும் இறங்கும். தேயத் தேய இன்னும் இறங்கி, கடைசியில் ரிம்முக்கு அடியில் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான். அதனால் ரிம்மின் மேல்பாதியில், டயரைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு வையுங்கள். டயரில் பட்டால் அதன் பக்கச் சுவரை அறுத்துவிடும். கட்டையின் முன்நுனி முதலில் தொட வேண்டும், அப்போதுதான் கிறீச்சிடாது. பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து வைத்து முறுக்குவேன். நட்டோடு கட்டையும் திரும்பப் பார்க்கும், கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைகளின் தண்டும் ஒரே நீளம் நீட்டியிருக்க வேண்டும். ஒரு தீக்குச்சியை ஒடித்து அளவு வைத்துப் பாருங்கள். இதில் தவறினால் பிறகு எந்தத் திருகைத் திருப்பியும் நடுவுக்கு வராது.

சரி, இப்போது ஒயர். குறுக்கு ஒயர் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கட்டும். அது கையோடு சேரும் இடத்தில் ஏறக்குறைய 90 டிகிரி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். நடுக்கொக்கியைத் தாழ்த்தினால் பிடிப்பு கூடும், ஆனால் லீவரை அதிகம் இழுக்க வேண்டிவரும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீட்டர் விடுங்கள். முன்சக்கரத்தின் மேலே மட்கார்டோ ரிஃப்ளெக்டர் பட்டையோ இருந்தால் கழற்றாதீர்கள். மெயின் ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் டயரில் விழுந்து சக்கரத்தைப் பூட்டி ஆளைத் தூக்கி எறியும். அந்தப் பட்டைதான் அதைத் தாங்கும்.

நடுவில் நிறுத்துவது கடைசி வேலை. ஒரு பிரேக் கையின் பக்கவாட்டில் 2 எம்எம் திருகு இருக்கும். வலப்புறம் திருப்பினால் அந்தப் பக்க ஸ்பிரிங் இறுகிக் கட்டை ரிம்மிலிருந்து விலகும், இடப்புறம் திருப்பினால் நெருங்கும். அரைச்சுற்று திருப்புங்கள், லீவரை நாலைந்து தடவை அமுக்குங்கள், பாருங்கள். அப்புறம் அடுத்த அரைச்சுற்று. சில மாடல்களில் திருகு இருக்காது, கையின் அடியில் தட்டை நட்டு இருக்கும். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நட்டை 13-ஆம் நம்பர் மெல்லிய ஸ்பேனரால் திருப்பிப் பிடித்தபடி போல்ட்டை முறுக்க வேண்டும்.

முடிந்ததும் லீவரைப் பலங்கொண்ட மட்டும் பத்துத் தடவை அமுக்கிவிட்டு, எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். புது ஒயர் என்றால் கொஞ்சம் தொய்ந்திருக்கும், இழுத்து முறுக்குங்கள். முதலில் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கரைக்கு ஏறுங்கள். மழையில் இரும்பு ரிம் சட்டென்று பிடிக்காது, இறக்கத்துக்கு முன்பே லேசாக பிரேக்கைத் தொட்டுத் தண்ணீரை வழித்துக்கொள்ளுங்கள். தை மாதம் சம்பா அறுவடையில் வைக்கோல் கிடக்கும் ரோட்டில் போய் வந்தால், கைகளுக்கு இடையே சிக்கிய வைக்கோலை அன்றே எடுத்துவிடுங்கள்.